முகியாவின் பொதுவாழ்வு



சாதிப் படைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நாம் முதலில் பிணங்களைத்தான் எண்ணுகிறோம். எண்ணத்தான் வேண்டும். பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் 1996 ஜூலை 11 அன்று, பத்தானி தோலாவில் 21 பேர். சோன் ஆற்றங்கரையில் லட்சுமண்பூர் பாத்தேவில் 1997 டிசம்பர் 1 இரவு 58 பேர். தோலா என்பது நம் பக்கத்துச் சேரிதான். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆனால் இந்தக் கொலைகளைச் செய்த ரண்வீர் சேனாவின் தலைவர் பிரம்மேஷ்வர் சிங் இருட்டில் வாழ்ந்த ஆள் அல்ல. அவருக்கு ஒரு பொதுவாழ்வு இருந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேச நினைக்கிறோம்.

கோபிரா ஊராட்சியின் தலைவராக இருந்தவர் அவர். அங்கே அந்தப் பதவியை முகியா என்பார்கள். பதவி போன பிறகும் பட்டம் போகவில்லை. பத்திரிகைகளும் கடைசிவரை ‘முகியா’ என்றே எழுதின. 1994இல் பெலாவூர் கிராமத்தில் பூமிகார் நிலவுடைமையாளர்கள் கூடி சேனாவைத் தொடங்கியபோது சொன்ன காரணம் விவசாயிகளின் பாதுகாப்பு. யாரிடமிருந்து? கூலியை உயர்த்திக் கேட்ட, உபரி நிலத்தில் கொடி நட்ட, மார்க்சிய லெனினியக் கட்சியின் பின்னால் அணிதிரண்ட நிலமற்றவர்களிடமிருந்து. உழாதவன் விவசாயி, உழுகிறவன் தீவிரவாதி. இந்தச் சொல்மாற்றம் நமக்குப் புதிதல்ல. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தபோது நாகை வட்டாரப் பண்ணையார்களின் அமைப்பும் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்றுதான் பெயர் வைத்திருந்தது.

அரசு 1995இலேயே சேனாவைத் தடைசெய்தது. பெரிய படுகொலைகள் எல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை! பாத்தேவுக்குப் பின் சேனாவுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் உள்ள தொடர்பை விசாரிக்க நீதிபதி அமீர் தாஸ் ஆணையம் அமைந்தது. 2006இல், அறிக்கை தரும் முன்பே, நிதிஷ் குமார் அரசு அதைக் கலைத்துவிட்டது. எந்தெந்தக் கட்சிக்காரர்களுக்கு அது நிம்மதி தந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறோம்.

2002 ஆகஸ்டில் பாட்னாவில் அவர் கைதானார். 2004 மக்களவைத் தேர்தலில் சிறையிலிருந்தபடியே ஆரா தொகுதியில் சுயேச்சையாக நின்றார். தோற்றார்தான், ஆனால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வாக்குகள் விழுந்தன. இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். வேட்புமனு ஏற்கப்படும் அளவுக்கு அவர் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும். பத்தானி தோலா வழக்கின் காவல்துறை ஆவணங்களிலோ அவர் ‘தலைமறைவு’. அதனால் அந்த வழக்கில் அவர் விசாரிக்கப்படவே இல்லை. 2010இல் ஆரா நீதிமன்றம் 23 பேரைத் தண்டித்தபோது அந்த வரிசையில் அவர் பெயர் இல்லை.

2011 ஜூலையில் பிணையில் வெளியே வந்தார். 2012 ஏப்ரல் 16 அன்று பாட்னா உயர் நீதிமன்றம் அந்த 23 பேரையும் விடுவித்தது. மே 5 அன்று முகியா புதிய அமைப்பைத் தொடங்கினார். அகில பாரதீய ராஷ்டிரவாதி கிசான் சங்கடன் என்று பெயர். மறுபடியும் தேசம், மறுபடியும் விவசாயி.

ஜூன் 1 காலை, ஆராவில் நடைப்பயிற்சிக்குப் போனவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். கொன்றது யார் என்று தெரியாத நிலையில் கும்பல் நேராகப் போன இடங்களில் ஒன்று தலித் மாணவர் விடுதி. இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறோம். அந்த விடுதிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்கள் சேரியிலிருந்து வந்து படித்தார்கள், அவ்வளவுதான். அறைகள் சூறையாடப்பட்டன. புத்தகங்களும் சான்றிதழ்களும் எரிந்தன. ஒரு தலைமுறையில் முதன்முதலாகக் கைக்கு வந்த காகிதம் சாம்பலானால் அதன் விலை என்ன என்பது சேனாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் சவ ஊர்வலம் ஆராவிலிருந்து பாட்னாவுக்குப் போனது. வழியெங்கும் வண்டிகள் எரிந்தன, காவலர்கள் ஒதுங்கி நின்றார்கள். தலைநகரில் தகனம் நடந்தது. அடுத்த ஆண்டு, 2013 அக்டோபரில், பாத்தே வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரையும் அதே உயர் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகளை நம்ப முடியவில்லையாம்.