எட்டுக் கட்டைகளின் பெட்டி

பெர்லினில் கனிமவியல் சேகரிப்பில் படிகங்களை வகைபிரித்துப் பழகியவர் பிரீட்ரிக் ஃபுரோபல். 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் அவர் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார்.

முதலில் கம்பளிப் பந்துகள். அடுத்து மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது பெட்டிதான் அபாரம்: எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்த ஒரே கனசதுரம். பெட்டியைக் கவிழ்த்து, மூடியை உருவி, மேலே தூக்கினால் முழு வடிவம் மேசைமேல் நிற்கும். குழந்தை அதைப் பிரித்து நாற்காலி கட்டும். அதைத் தட்டிக் கலைக்காமல், கட்டைகளை நகர்த்தியே கட்டிலாக்கும். ஒரு கட்டையும் மிச்சமாகக் கூடாது. முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர இதைவிடத் தெளிவான வழி அரிது. ஆட்டம் முடிந்ததும் பழையபடி அடுக்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

1851-இல் இந்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு நடந்த ஃபுரோபலின் மழலையர் பள்ளிகளைப் பிரஷ்ய அரசு தடைசெய்தது. மறு ஆண்டே அவர் இறந்தார். தடை நீங்கியது 1860-இல்.

கட்டைகளோ கடல் தாண்டின. 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அவற்றைக் கண்ட ஒரு தாய், ஒன்பது வயது மகனுக்கு அந்த விளையாட்டை அறிமுகம் செய்தார். அவன்தான் பிற்காலக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட். 1932-இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் அவர் அந்த மேப்பிள் மரக்கட்டைகளை நன்றியோடு குறிப்பிட்டார்.