பொருநைக் கரையின் வளிக்கொள்கையும் சீனர் உயிர்வளர் நெறியும்

உடம்பினுள் இயங்கும் வளியை நெறிப்படுத்தின் நோய் நீங்கி நெடிது வாழலாம் என்பது தமிழ்ச் சித்தர்க்கும் சீன மருத்துவர்க்கும் பொதுவான கொள்கை. இவ்வொப்புமை கண்ட சிலர் இக்கலை சீனத்தினின்று இங்கு வந்தது என்பர். சிலர் இங்கிருந்து அங்குச் சென்றது என்பர். இரு திறத்தாரும் காட்டும் சான்று போகர் கதை ஒன்றே. அதனைச் சற்றே ஒதுக்கி, ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்த பொருநைக் கரையில் கிடைப்பனவற்றைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

சீனர் இவ்வுயிராற்றலைச் ‘சி’ என்பர். அவர்தம் நெறி மிகப் பழையது. 1973ஆம் ஆண்டில் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பெற்ற கல்லறையொன்றிலிருந்து பட்டோவியம் ஒன்று கிடைத்தது. உடல் வளைத்தும் கைநீட்டியும் பயிலும் 44 உருவங்கள் அதில் உள்ளன. கி.பி. நான்காம் நூற்றாண்டினரான கோ ஹொங் என்பார், மூக்கால் வளியை இழுத்து 120 நெஞ்சத்துடிப்பு எண்ணுமளவும் அடக்கி, பின் மெல்ல வாயால் விடுக என்றார். அவ்வெண்ணை ஆயிரம் வரை உயர்த்தின் முதியோரும் இளமை எய்துவர் என்பது அவர் கருத்து.

திருமூலரோ திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வேறு முறை கூறுகின்றார். இடப்பால் மூக்கின்வழி 16 மாத்திரை பூரகம், 64 மாத்திரை கும்பகம், 32 மாத்திரை இரேசகம் என்பது அது. கோ ஹொங் நாடுவது அடக்கும் பொழுதின் பெருக்கம். திருமூலர் நாடுவது ஒன்று, நான்கு, இரண்டு என்னும் விகிதம். இவ்விகிதம் வடமொழி யோக நூல்களிலும் காணப்படுதலின், திருமூலர் முறைக்கு உறவு இந்நாட்டிலேயே உண்டு. கடன் பெற்றது எனக் கொள்வார் இவ்வேறுபாட்டிற்கு விடை கூறுதல் வேண்டும்.

சீனத் தொடர்பே இல்லை என்பது நம் கருத்தன்று. பொருநை கடலொடு கலக்குமிடத்துள்ள பழையகாயலில் சீனப் பீங்கான் ஓடுகள் எங்கும் சிதறிக் கிடந்தமையைக் கால்டுவெல் 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் குறித்துள்ளார். சீனத்துச் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டும் உண்டு. கலம் வந்தது உண்மை. ஆயினும் கலம் வந்த வழியே கொள்கையும் வந்தது என்பதற்கு ஓடு சான்றாகாது.

ஸ்ரீவைகுண்டத்திற்கு அணித்தாகிய ஆழ்வார்திருநகரியில் வழங்கும் செய்தியொன்று, நாமறிந்தவரை, இவ்வாராய்ச்சியில் எவராலும் எடுத்தாளப்படவில்லை. பிறக்கும் குழவியைச் ‘சடம்’ என்னும் வாயு சூழ்ந்து முன்னுணர்வை மறைக்கும் என்றும், நம்மாழ்வார் அதனை வெகுண்டு ஒறுத்தமையால் சடகோபர் எனப் பெற்றார் என்றும் வைணவர் கூறுவர். பிறந்தபொழுது வாயுவால் தீண்டப்பெற்ற உயிர் முற்பிறப்பை மறக்கும் என்பது கருப்போபநிடதத்திலும் உண்டு. இரசவாதத்தோடும் காயகற்பத்தோடும் தொடர்பில்லாத வைணவ மரபிலும் வளியைப் பற்றிய உடற்கொள்கை வேரூன்றியிருந்தமை இதனால் விளங்கும். ஈண்டு வளி பேணற்குரியதன்று, வெல்லற்குரியது என்பதும் நோக்கத்தக்கது. சீன நெறியில் இவ்வழி ஒரு சடகோபர் தோன்றுதல் அரிது.

இனிப் போகர். போகர் ஏழாயிரம் அவர் சீனஞ் சென்ற செய்தியை விரித்துரைக்கின்றது. ஆனால் அதன் மொழிநடை பிற்காலத்தது. அந்நூல் எழுந்த காலத்தில் சீனம் பற்றித் தமிழர் என்ன எண்ணினர் என்பதற்கே அது சான்று. பண்டை நிகழ்ச்சிக்குச் சான்றாகாது. இதனைக் கூறுதல் போகரை இழித்தல் ஆகாது.

உடம்பைப் பேணும் இந்நெறியை இப்பகுதியார் அனைவரும் ஒருபடியாக மதித்தனர் எனவும் கொள்ளலாகாது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்திலேயே பிறந்த குமரகுருபரர், நீதிநெறி விளக்கத்தை இளமை, செல்வம், யாக்கை ஆகியவற்றின் நிலையாமை கூறியே தொடங்குகின்றார்.