தண்டவாளத்தின் இரு பக்கமும் ஓர் ஊர்
திருப்பூர் ரயில் நிலையமும் பேருந்து நிலையங்களும்

2019 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் அரசு விழா. சென்னையில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்க மெட்ரோ ரயிலைப் பிரதமர் அந்த மேடையில் இருந்தபடியே காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். அன்றோடு சென்னை சென்ட்ரலில் மெட்ரோவின் இரண்டு வழித்தடங்களும் பூமிக்கடியில் கைகோத்தன. வெளியூர் ரயில், புறநகர் மின்சார ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து என எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் வந்துவிட்டன. அதைத் தொடங்கிவைத்த மேடைக்குப் பக்கத்து ஊரான திருப்பூரில் ரயிலில் இறங்குகிறவர் பஸ் ஏற என்ன பாடுபடுகிறார் என்பதை எழுத வேண்டியிருக்கிறது. திருப்பூர் ரயில் நிலையத்தின் வரலாற்றை வெறும் ரயிலின் வரலாறாக எழுத முடியாது. அதன் வாசலுக்கு வெளியே நின்ற குதிரை வண்டி முதல் இன்றைய ஷேர் ஆட்டோ வரை சேர்த்துச் சொன்னால்தான் அது ஊரின் வரலாறு ஆகும்.

ரயில் இங்கே வந்தது 1862-ல். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூருக்கு, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பாதை அது. அந்தக் கம்பெனிக்குத் திருப்பூர் மேல் தனி அக்கறை எதுவும் கிடையாது. ஈரோட்டிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குப் போக நொய்யல் கரையோரச் சமவெளி வாட்டமாக இருந்தது. அந்த வழியில் பல்லடம் தாலுகாவைச் சேர்ந்த இந்தச் சிற்றூர் இருந்தது. வடக்கே அவிநாசி, தேவாரம் பாடப்பெற்ற பழம்பெரும் ஊர். தெற்கே பல்லடம், தாலுகாவின் தலைமையிடம். இரண்டுக்கும் நடுவே ரயில் போனது. அவிநாசி ஊருக்குள்ளும் பல்லடம் ஊருக்குள்ளும் ரயில் இன்றுவரை நுழையவில்லை. சுற்றுவட்டாரத்து வண்டிகளெல்லாம் பாரம் ஏற்றிக்கொண்டு திருப்பூர் நோக்கித் திரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வண்டிகளில் வந்தது பருத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா ரகம் கொங்கு மண்ணில் காலூன்றிய பிறகு கிணற்றுப் பாசனத்தில் விளைச்சல் பெருகியது. திருப்பூரில் பருத்திச் சந்தை வளர்ந்தது. ஜின்னிங் மில்கள் வந்தன. கொட்டை நீக்கிய பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டி ரயிலேற்றினார்கள். ஊரின் முதல் செல்வம் பிளாட்பாரத்தின் வழியாகத்தான் வெளியே போனது.

அடுத்து வந்தது கதர். அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமையிடமாக இருந்தது. சுற்றுக் கிராமங்களில் நூற்றதும் நெய்ததும் இங்கே வந்து சேர்ந்து, இங்கிருந்து நாடெங்கும் போயின. காந்தியடிகள் திருப்பூருக்குப் பலமுறை வந்ததற்கு அதுவே காரணம். சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிய ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்று தடியடி பட்டு விழுந்ததும், மறுநாள் உயிர் நீத்ததும் இந்த ஊரில்தான். ரயில் நிலையத்துக்கு அருகே அவருக்கு நினைவகம் இருக்கிறது; அங்கிருந்து ஊருக்குள் இறங்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். ரயிலில் வந்து இறங்கும் எவரும் முதலில் மிதிப்பது குமரன் ரோட்டை.

பனியன் தொழிலின் கதை 1925 வாக்கில் தொடங்குகிறது. குலாம் காதர் கல்கத்தாவில் பின்னல் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்து இங்கே முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்பது ஊரறிந்த வரலாறு. அந்தப் பயணமும் ரயில் பயணமே. பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பனியன் பண்டல்கள் பார்சல் ஆபீஸ் வழியாக வடக்கே போயின. டஜன் கணக்கில் பெட்டியில் அடுக்கி, பெட்டிகளைச் சேர்த்துச் சாக்கு சுற்றி, கோணி ஊசியால் தைத்து, மேலே கருப்பு மையில் ஊர்ப் பெயரும் வியாபாரியின் குறியும் எழுதுவார்கள். கைவண்டியிலும் மாட்டு வண்டியிலும் அவை பார்சல் ஆபீஸ் வாசலுக்கு வந்து சேரும். ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் காதர்பேட்டை பனியன் மொத்த வியாபாரத்தின் இடமாக ஆனது தற்செயல் அல்ல. வெளியூர் வியாபாரி காலையில் ரயிலில் இறங்கி, சரக்குப் பார்த்து, விலை பேசி, அனுப்பச் சொல்லிவிட்டு ராத்திரி ரயிலில் திரும்பிவிடலாம்.

இதே காலத்தில் பஸ் வளர்ந்தது. கொங்கு நாட்டில் தனியார் பஸ் முதலாளிகளுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1972-ல் அரசு போக்குவரத்துக் கழகங்களைப் பிரித்து அமைத்தபோது கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அந்தச் சேரன் பஸ்ஸில் ஏறி வேலைக்கு வந்தவர்கள் இன்று கம்பெனி முதலாளிகளாக இருக்கிறார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டு ரயிலடியில் அமையவில்லை. நொய்யலுக்குத் தெற்கே அமைந்தது. ஊர் பெருத்து அது போதாமல் போனபோது புது பஸ் ஸ்டாண்டு தண்டவாளத்துக்கு வடக்கே, பெருமாநல்லூர் ரோட்டில், நாம் சொல்லும் பி.என். ரோட்டில், வந்தது. பிறகு தாராபுரம் ரோட்டில் கோவில்வழி பஸ் ஸ்டாண்டு. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் போக ஒரு நிலையம். ஈரோடு, சேலம், கோபி பக்கம் போக இன்னொன்று. மதுரை, தேனி, நெல்லை போக மூன்றாவது. நடுவே ரயில் நிலையம் தனியாக. ஆறு ஓர் ஊரை இரண்டாக்கியது. தண்டவாளம் அதை மறுபடி இரண்டாக்கியது. சட்டமன்றத் தொகுதிகூட வடக்கு, தெற்கு என்றுதான்.

இந்தப் பிரிவுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. 1978-ல் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக ஓர் இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-சர்ட் கேட்டு வந்ததில் ஏற்றுமதிக் கதவு திறந்தது. எண்பதுகளில் அது அகலத் திறந்தது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், கைமடி என்று எல்லா வேலைக்கும் ஆள் போதவில்லை. மதுரை, தேனி, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்தும் நிலம் சுருங்கிய ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்தது பஸ். பின்னால், இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களைக் கொண்டுவந்தது ரயில். திருப்பூரின் தொழிலாளர் வரலாற்றை எழுத விரும்புகிறவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாதியையும் ரயிலடியில் மறு பாதியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலைப் பாருங்கள். முதலில் இறங்குவது சாமான். பழைய பெயிண்ட் டப்பா ஒன்று, அதற்குள் தட்டும் டம்ளரும் சோப்பும். தோளில் மாட்டும் பை. பாயோ போர்வையோ சுருட்டிய கட்டு. பிறகு இரண்டு இரவு உட்கார்ந்தே வந்த பையன்கள். முகம் கழுவக் குழாயைத் தேடுகிறார்கள். காண்ட்ராக்டரின் ஆள் கைப்பேசியில் இருக்கும் போட்டோவையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். அதுவரை ஒலிபெருக்கி அவர்களுக்குப் புரியும் இந்தியில் பேசியது. வாசலைத் தாண்டியதும் டவுன் பஸ்ஸின் போர்டு தமிழில் மட்டுமே இருக்கிறது: அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், வீரபாண்டி, நல்லூர். சுவரெல்லாம் நோட்டீஸ்: பவர் டேபிள் டெய்லர் தேவை, பீஸ் ரேட், செக்கிங், கைமடிக்க ஆட்கள் தேவை. ஊருக்கு அவர்கள் வேண்டும் என்று சுவர் சொல்கிறது. ஊருக்குள் எப்படிப் போவது என்று சொல்ல ஒரு பலகையும் இல்லை. எனக்கு இது மனத்தை உறுத்துகிற குறை. சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

2020 மே மாதத்தில் இதே நிலையம் தலைகீழாக இயங்கியது. கொரோனா ஊரடங்கில் கம்பெனிகள் பூட்டிக் கிடக்க, ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் அந்தப் பிள்ளைகள் வடக்கே திரும்பினார்கள். ஊரே நிசப்தமானது, பல மாதங்கள் கழித்து ஆர்டர் வந்தபோது தைக்க ஆளில்லாமல் தவித்ததை எந்த முதலாளியும் மறந்திருக்க மாட்டார். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. அதிகாரிகளும் தொழில் அமைப்புகளும் அவர்களிடம் நேரில் போய்ப் பேசிப் பயத்தைப் போக்க வேண்டியிருந்தது. இந்த ஊரின் நாடித்துடிப்பை அந்தப் பிளாட்பாரத்தில் கை வைத்துப் பார்த்துவிடலாம்.

நெடுந்தூர ரயில்களைப் பற்றிப் பேசும்போது குறுந்தூரப் பயணிகளை மறந்துவிடுகிறோம். விசைத்தறிச் சோமனூர், இருகூர், வஞ்சிபாளையம் ஒரு பக்கம். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி, விஜயமங்கலம் மறுபக்கம். கோவையும் ஈரோடும் இரு பக்கமும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பாசஞ்சரில் தினம் வந்து வேலை பார்த்துப் போகிறவர்களுக்குப் புறநகர் ரயில் என்றால் அதுதான். கொரோனாவில் பாசஞ்சர்களை நிறுத்தினார்கள். திரும்ப ஓடியபோது எக்ஸ்பிரஸ் சிறப்பு என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தைப் பத்து ரூபாயிலிருந்து முப்பது ஆக்கினார்கள். 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அரை ஷிப்ட், ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று கூலியை எண்ணி வாழ்கிற குடும்பத்தில் தினம் போக வர நாற்பது ரூபாய் கூடுதல் என்பது சனிக்கிழமைச் சம்பளக் கவரில் உடனே தெரியும். அதே ஆண்டுகளில், 2021 மே முதல், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கிராமத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அதுவரை செலவில்லாமல் இருந்த ஒரே வசதி கம்பெனி வேன். வேன் எந்தக் கம்பெனிக்குப் போகிறதோ அங்கேதான் வேலை. டவுன் பஸ் அவளுக்கு நல்ல கூலி தரும் இடத்தைத் தேடிப் போகும் வாய்ப்பைத் தந்தது. போக்குவரத்துக்கும் கூலிக்கும் இவ்வளவு நெருக்கமான உறவு இருப்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கண் திறந்து பார்க்க வேண்டும்.

நிர்வாக மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1908-ல் மெட்ராஸ் ரயில்வே மறைந்து இந்தப் பாதை தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே. நீண்ட காலம் பாலக்காடு கோட்டத்தில் இருந்த திருப்பூர், 2007 நவம்பர் 1-ல் பிறந்த சேலம் கோட்டத்துக்கு மாறியது. மறு ஆண்டு ஊர் மாநகராட்சி ஆனது. 2009 பிப்ரவரியில் மாவட்டத் தலைநகரம் ஆனது. 2023 ஏப்ரலில் சென்னை–கோவை வந்தே பாரத் இங்கே நின்று போகத் தொடங்கியது. நிலையம் அம்ரித் பாரத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டி, கலைஞர் பெயர் வைத்தார்கள்.

ரயில் நிலையம் ஒரு திட்டத்தில், பஸ் ஸ்டாண்டு வேறு திட்டத்தில். தனித்தனியே இரண்டும் நன்றாக வரலாம். ஆனால் ரயிலிலிருந்து இறங்கும் ஒரு தாய், கையில் பிள்ளையும் இடுப்பில் மூட்டையுமாக, புது பஸ் ஸ்டாண்டு போக மேம்பாலத்தைத் தாண்டி புஷ்பா தியேட்டர் நெரிசலில் சிக்க வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு போக நொய்யல் பாலத்தைத் தாண்ட வேண்டும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி போனஸ் வாங்கிக்கொண்டு ஊரே கிளம்பும்போது இந்த வழிகளில் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் இதற்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கோயம்பேடு பஸ் நிலையம் 2002-ல் திறந்தது. 2015-ல் மெட்ரோ அதன் வாசலுக்கே வந்து நின்றது. காத்திருந்தாலும் கடைசியில் இரண்டும் சேர்ந்தன. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-ல் பெரும் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டப் பயணிகள் பட்ட அலைச்சல் தமிழ்நாடு அறிந்தது. ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் முனையத்தோடு சேர்ந்தே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

நமக்கு இப்போது அந்தத் தவறைத் தவிர்க்க ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. 2025 மார்ச் பட்ஜெட்டில் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் வழித்தடத்தில் 185 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மண்டல ரயில் பற்றிச் சாத்தியக்கூறு ஆய்வு செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. கோவை மெட்ரோ திட்டத்தில் ஒரு தடம் அவிநாசி ரோடு வழியாக நீலாம்பூர் வரை, அதாவது நம் பக்கம் பார்த்து, வருவதாக இருந்தது. மக்கள்தொகை போதாது என்ற காரணத்தை முன்வைத்து 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2011 கணக்குப்படி விரிந்த திருப்பூர் மாநகரில் ஏறத்தாழ 8.77 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பில் ராத்திரி இங்கே தூங்குகிறவர் மட்டுமே வருவார். காலையில் வந்து சாயங்காலம் போகிறவர் வரமாட்டார். தொழில் நகரத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம்.

மண்டல ரயிலின் நிறுத்தம் எங்கே என்பதுதான் இப்போதைய கேள்வி. நிலம் சுலபமாகக் கிடைக்கிறது என்று சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் ஊருக்கு வெளியே வைத்துவிட்டால், ஐந்தாவதாக இன்னொரு தனித் தீவு உண்டாகும். இருக்கும் ரயில் நிலையத்தோடு சேர்த்து அமைக்க வேண்டும். தண்டவாளத்தின் வடக்கிலும் தெற்கிலும் வாசல் வேண்டும். இரு வாசலிலும் டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டும். போர்டுகள் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ரயிலடியில் வந்து நிற்கட்டும். எட்டரைக்கு மெஷினில் உட்கார வேண்டியவர்கள் எத்தனை பேர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளட்டும்.