‘அந்த நாள்’ படத்தின் மூலம்: ராண்டார் கையின் கருத்தும் 1943 அக்டோபரும்

ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கி 1954 ஏப்ரலில் வெளிவந்த ‘அந்த நாள்’, பாட்டும் நடனமும் இல்லாமல் எடுக்கப்பட்ட தமிழ்ப்படம். அதன் மூலம் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ என்பதே பரவலான எண்ணம். பாலசந்தர் அதைத் திரைப்பட விழாவில் பார்த்தவர். திரைவரலாற்றாசிரியர் ராண்டார் கை வேறொரு படத்தைச் சுட்டினார்: அந்தனி அஸ்குவித் இயக்கிய பிரிட்டிஷ் குற்றப்படம் ‘தி உமன் இன் குவெஸ்சன்’. இரண்டும் 1950இல் வெளிவந்தவை. ஆகவே ஒன்றைப் பார்த்து மற்றது எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

ராண்டார் கையின் கருத்துக்கு வலுவான ஆதாரம் கதையின் கட்டமைப்பு. ‘ரஷோமோன்’ கதையில் துப்பறிபவர் இல்லை. ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு சொல்கிறார்கள். உண்மை கடைசிவரை உறுதிப்படுவதில்லை. அஸ்குவித்தின் படத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் ஜோசியம் சொல்லும் பெண் கொலையாகிறாள், காவல் அதிகாரி ஐவரை விசாரிக்கிறார், கொலையாளி பிடிபடுகிறான். ‘அந்த நாள்’ இந்த வழியில்தான் போகிறது. சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக ஜாவர் சீதாராமன் வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் கேட்டுக்கேட்டு முடிச்சை அவிழ்க்கிறார். திரைக்கதையும் அவருடையதே. இதுவரை ராண்டார் கையை மறுக்க இடமில்லை.

ஆனால் கட்டமைப்பு ஒத்திருப்பதால் கருவும் ஒன்று என்று ஆகாது. அஸ்குவித்தின் படம் முழுக்கக் கொலையுண்ட பெண்ணைப் பற்றியது. ஒருவர் கண்ணுக்குக் கண்ணியமானவள், இன்னொருவர் கண்ணுக்குக் குடிகாரி; சொல்பவருக்குத் தக்கபடி ஜீன் கென்ட் ஒரே பாத்திரத்தை ஐந்து விதமாக நடித்தார். ‘அந்த நாள்’ படத்தில் சாட்சிக்குச் சாட்சி மாறுவது சிவாஜி கணேசன் நடித்த ராஜனின் குணத்தைவிடச் சந்தேகத்தின் திசைதான். ஒவ்வொருவரும் பழியை இன்னொருவர்மேல் தள்ளுகிறார்கள். வீட்டுத் திரையில் இரு படங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெளிவாகவே புலப்படும்.

இரு மூலங்களிலும் இல்லாத ஒன்று படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது: 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய இரவு. மறுநாள் காலை வானொலிப் பொறியாளர் ராஜன் பிணமாகக் கிடக்கிறான். தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் ஜப்பானியருக்கு உளவு சொன்னவன் அவன். மனைவி உஷா சுட்ட குண்டில் சாகிறான். அஸ்குவித்திடம் கொலைக்குக் காரணம் ஆசையும் ஏமாற்றமும், இங்கே துரோகம். கதையை முடுக்குவது அந்தத் தேதிதான் என்று கொள்வதே பொருத்தம்.

அத்தேதி, தமிழர் தோட்டத் தொழிலாளராக இருந்த மலாயாவின் பேராக் மாநிலத்தில், வேறு பொருள் கொள்கிறது. 1941 டிசம்பர் இறுதியில் அங்குள்ள ஈப்போ நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களை, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே தோட்டங்களிலிருந்து, ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஆட்கள் சேர்ந்தார்கள். சென்னையில் குண்டு விழுந்த பத்து நாட்களில், அக்டோபர் 21 அன்று, அந்தப் படையின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்திய) அரசை அறிவித்தார். ஜப்பானியரோடு சேர்ந்தவன் துரோகி என்பது சென்னைப் பார்வையாளருக்கு நேரான கணக்கு. மகனைப் போஸின் படைக்கும் தம்பியைச் சயாமுக்கும் அனுப்பிய தோட்டக் குடும்பத்துக்கு அது நேரான கணக்காக இருந்திருக்க முடியாது. படமோ போஸின் பக்கத்தைத் தொடவே இல்லை. தேசப்பற்று ஒரே வழிதான் என்று காட்ட அந்த விலகல் தேவைப்பட்டிருக்கலாம்; தணிக்கை பற்றிய எச்சரிக்கையாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது.

ஜாவர் சீதாராமன் அஸ்குவித்தின் படத்திலிருந்து விசாரணை அமைப்பையும், பாலசந்தர் ‘ரஷோமோன்’ படத்திலிருந்து பல வாய்மொழிகளில் கதை சொல்லும் துணிவையும் பெற்றிருக்கலாம். எது முந்தியது என்பதை ஆண்டுக் கணக்கால் நிறுவ முடியாது. கொலைக்கான காரணத்துக்கு மட்டும் வெளிநாட்டு மூலம் தேட வேண்டியதில்லை. அது சென்னையின் போர்க்கால நினைவிலிருந்து வந்தது.