ஓதம் அறிந்தோர்: காம்பாத் வளைகுடாவின் பழைய பாடம்

2017 அக்டோபர் 22 அன்று, குஜராத்தின் காம்பாத் வளைகுடாவில் கோகாவுக்கும் தஹேஜுக்கும் இடையே பயணிகள் படகுப் போக்குவரத்து தொடங்கி வைக்கப்பட்டது. சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல் சுற்ற வேண்டிய பயணம் கடல்வழியே ஏறத்தாழ 31 கிலோமீட்டராகச் சுருங்கியது. ஆனால் நர்மதையின் முகத்தருகே அமைந்த தஹேஜ் துறையில் வண்டல் படிந்து ஆழம் குறைந்தது. மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அத்தடத்தில் படகுகள் நின்றுபோயின. 2020 நவம்பரில் சூரத்தை அடுத்த ஹசீராவுக்குப் புதிய தடம் திறக்கப்பட்டது. கடல்தொலைவு சுமார் 90 கிலோமீட்டர் ஆயிற்று.

இந்நீர்ப்பரப்பில் முழுநிலா, மறைநிலா நாட்களை ஒட்டி ஓத ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டும். காலையில் கப்பல் மிதந்த இடம் பிற்பகலில் சேற்றுத் திட்டாகக் கிடக்கும்.

இதனை முதலில் விரிவாக எழுதிவைத்தவர், கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்கர். அவருடைய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' பரிகாசா, அதாவது இன்றைய பரூச் நகரை அடையும் வழியை எச்சரிக்கையோடு விளக்குகிறது. வளைகுடாவின் வாயில் குறுகியது, ஒருபுறம் மணல்திட்டு, மறுபுறம், அஸ்தகப்ராவுக்கு எதிரேயுள்ள முனையில், பாறைத் தரை நங்கூரங்களை அறுத்துவிடும். அஸ்தகப்ரா என்பது மைத்ரகர் செப்பேடுகளில் வரும் ஹஸ்தகவப்ரம். இன்றைய ஹாதப் சிற்றூர். அது கோகாவுக்குத் தெற்கே அண்மையில் உள்ளது. 2017இல் படகுகள் கடந்த நீரும் அந்நூல் அஞ்சிய நீரும் ஒன்றே.

அந்நூல் தீர்வையும் கூறுகிறது. அரசுப் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் சௌராட்டிரக் கரைவரை எதிர்சென்று, வரும் கப்பல்களை மணல்திட்டுகளுக்கு இடையே இழுத்துச் செல்வர். ஓதம் ஏறத் தொடங்கும்போது புறப்பட்டு, வற்றும்போது ஆற்றின் ஆழமான மடுக்களில் நங்கூரமிட்டுக் காத்திருப்பர். முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 300 ஸ்டேடியத் தொலைவிலிருந்த நகரை இவ்வாறு கட்டம் கட்டமாகவே அடைய முடிந்தது.

அப்படகுகளுக்கு நூல் தரும் பெயர்கள் திரப்பகா, கொத்தும்பா. இவை கிரேக்கச் சொற்கள் அல்ல. 'அங்கவிஜ்ஜா' என்னும் சமணப் பிராகிருத நூலின் படகுப் பட்டியலில் தப்பக, கொட்டிம்ப என்னும் பெயர்கள் உள்ளன. குறி சொல்லும் கலையைப் பேசும் அந்நூலுக்கும் கிரேக்க வணிகக் கையேட்டிற்கும் வேறு தொடர்பில்லை. ஆதலால் இவ்வொற்றுமை வலுவான சான்றாகிறது. அயலார் பொருளோடு சொல்லையும் கடன்பெற்றனர். சொல்லுக்கு உரியவர் கரையில் வாழ்ந்த மீனவர்.

பின்னாளில் காம்பாத் துறைமுகம் தூர்ந்தபோதும் இம்முறையே கைகொடுத்தது. பெருங்கப்பல்கள் கோகாவில் நின்றன; சரக்குகள் சிறுபடகுகளில் ஓதத்தோடு ஏறிச் சென்றன.

பரிகாசாவின் துறை, ஓத அறிவு, அதனை உடைய மீனவர், அவர்களுக்கு ஊதியம் தந்த அரசு ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. அங்கே நிலையான ஆழத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆழம் வரும் நேரத்தை எதிர்பார்த்தனர். கால அட்டவணைப்படி இயங்க வேண்டிய இன்றைய படகு, நாள்தோறும் அதே ஆழத்தைக் கேட்கிறது. அதற்காக இடைவிடாது தூர்வார வேண்டியிருக்கிறது. துறைமுக வரலாறு எழுதுவோர் மன்னர் பெயரையும் திறப்புவிழா நாளையும் குறிக்கின்றனர். கப்பலைக் கரைசேர்த்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் ஓட்டிய படகின் பெயர் மட்டும் இரு மொழிகளில் எஞ்சியிருக்கிறது.