இலண்டன் மேடையில் இராமசாமி

செப்பிடு வித்தை என்னும் சொல் கண்கட்டு வித்தை அனைத்துக்கும் பொதுப்பெயராய் வழங்குகின்றது. செப்பு என்பது சிமிழ் போன்ற சிறு கிண்ணம். கவிழ்த்த செப்புகளின் கீழே உருண்டைகளை மறைத்தும் இடம் மாற்றியும் காட்டுவதே அதன் பழைய வடிவம். தெருவோரம் துணி விரித்து அதனைச் செய்தோரின் பெயர்களைக் குறித்து வைக்க நம்மவர் அக்கறை கொண்டாரில்லை. அவர்களுள் ஒருவர் பெயர் ஆங்கில ஏடுகளில் 'ராமோ சாமி' எனச் சிதைந்து நிற்கின்றது. இராமசாமி என்பதே அதன் மூலம் என்பர் ஆய்வாளர். (தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நம்மவரை 'சாமி' என்று இழிவாக அழைத்ததும் இத்தகைய பெயர்களின் ஈற்றைக் கொண்டே.)

1813 ஆம் ஆண்டில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று இலண்டன் பால்மால் தெருவில் காட்சி நடத்திப் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அப்பத்தாண்டிலேயே இராமசாமியும் மேலைநாட்டில் புகழ்பெறத் தொடங்கினார். 1819 இல் அமெரிக்காவிலும் ஆடினார். பின்னர் இலண்டனின் கோபர்க் அரங்கிலும் வாக்சால் பூங்காவிலும் அவர் காட்சிகள் நடந்தன.

பளபளக்கும் பந்துகளை இடைவிடாது வீசிப் பிடிப்பார். வாளைத் தொண்டைக்குள் இறக்குவார். மணிகளையும் குதிரைமயிரையும் தனித்தனியே வாயிலிட்டு, மணிகள் கோத்த சரமாக வெளியே இழுப்பார். செப்பும் உருண்டையும் அவருடன் கடல் கடந்திருந்தன. ஊரில் காசுக்குக் கையேந்திய கலை அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் கலையாயிற்று.

வில்லியம் ஹாஸ்லிட் என்னும் கட்டுரையாளர் இந்திய வித்தைக்காரரைப் பற்றி எழுதிய கட்டுரை 1821 இல் நூலில் வெளிவந்தது. தரையில் அமர்ந்து நான்கு பித்தளைப் பந்துகளை ஆட்டும் தலைவனே அதில் வருபவன். அவன் இராமசாமி என்பதே பெரும்பாலோர் கொள்கை. ஒரு நொடி பிசகினாலும் பிழை வெளிப்பட்டுவிடும் அத்திறனைக் கண்டு, தம் எழுத்தில் அத்தகைய நிறைவு ஏதும் உண்டா என்று ஹாஸ்லிட் நாணுகிறார். ஆனால் வாள் விழுங்குவதை அவர் பொறுக்கவில்லை. அதைத் தடைசெய்ய வேண்டும் என்கிறார். மேலும் ஒரு படி சென்று, உடல் பழகிய திறன் வேறு, பெருமை வேறு. பெருமை உலகில் ஏதேனும் விட்டுச் செல்ல வேண்டும் என்று பிரிக்கிறார். அப்பிரிவு வித்தைக்காரனுக்கு நீதி செய்வதாகத் தோன்றவில்லை. பந்து காற்றில் நின்ற கணத்தை யார்தாம் விட்டுச் செல்ல இயலும்?

நாளடைவில் இந்திய வேடம் எவரும் அணியக்கூடிய சரக்காயிற்று. 1849 இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், வைட் தீவில் நண்பர்களுக்காக முகத்தில் கரி பூசி, 'ரியா ராமா ரூஸ்' என்ற பெயருடன் வித்தைகள் செய்தார். விருந்தினர் மகிழ்ந்தனர், அவருக்கு அது விடுமுறை விளையாட்டு.

மறு ஆண்டு, 1850 ஆகஸ்டில், இராமசாமி இலண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்குக் கூடப் பணமின்றி, அவர் மனைவி பத்திரிகை வழியாகப் பொதுமக்களிடம் உதவி வேண்ட நேர்ந்தது.