மன்னிப்பு அறிக்கைக்கு ஓர் உரை

2019 ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு விளம்பரம் வந்தது. உணவங்காடியிலும் காப்பிக்கடையிலும் ரொக்கமில்லாமல் பணம் செலுத்தலாம் என்று சொல்லும் விளம்பரம். படத்தில் நான்கு பேர். நால்வருமே சீன நடிகர் டெனிஸ் சியூ. முக்காடு அணிந்த மலாய்ப் பெண்ணும் அவர்தான், தோலைக் கருப்பாக்கிக்கொண்டு கே. முத்துசாமி என்ற இந்தியர் ஆனவரும் அவர்தான். எதிர்ப்பு கிளம்பியதும், விளம்பரத்தைத் தயாரித்த ஹவாஸ் நிறுவனமும் மீடியாகார்ப் ஊடகக் குழுமத்தின் கலைஞர் முகமையும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. அதன் கருத்தைப் பகுதி பகுதியாகத் தமிழில் தந்து உரை எழுதுகிறேன்.

மின்வழியில் பணம் செலுத்துவது எல்லாருக்கும் உரியது என்பதே விளம்பரத்தின் செய்தி.

இதில் குறை இல்லை.

பல வேடங்களை நகைச்சுவையாக ஏற்பதில் பெயர்பெற்றவர் என்பதால் இவரைத் தேர்ந்தோம்.

பெயர்பெற்றவர் என்பது உண்மை. ‘ஆன்ட்டி லூசி’ என்ற பெண் வேடத்தால் சீன ரசிகர்களிடம் புகழடைந்தவர். ஆனால் லூசி அவர் சமூகத்துப் பெண். அவளுடைய பேச்சும் நடையும் அவருக்குத் தெரியும். முத்துசாமிக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கருத்த பூச்சும் ஒரு பெயரும் போதுமென்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தமிழ் நிகழ்ச்சிகள் தரும் வசந்தம் தொலைக்காட்சியையும், ஒலி 96.8 வானொலியையும், மலாய் மொழிக்கான சூரியாவையும் நடத்துவது இதே மீடியாகார்ப். ஆகவே தமிழ் நடிகர் கிடைக்கவில்லை என்ற சாக்குக்கு இடமே கிடையாது. ஒருவரை அழைத்து ஊதியம் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். வேடம் நமக்கு, வேலை வேறொருவருக்கு என்றானதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பல்வேறு வாழ்க்கைநிலையினராக அவர் தோன்றுகிறார்.

உடையை மாற்றினால் அலுவலர் ஆகலாம், தொழிலாளி ஆகலாம். இனமும் அந்த வரிசையில் சேருமா? படப்பிடிப்பு முடிந்ததும் சியூ முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். இந்தியருக்கு வீடு கிடையாது என்று சொல்லும் வாடகை விளம்பரங்களைச் சிங்கப்பூரில் பார்த்தவருக்கு அந்த வசதி இல்லை.

அறியாமல் ஏற்பட்ட மனப்புண்ணுக்கு வருந்துகிறோம்.

வருத்தம் புண்ணுக்குத்தான், செய்த காரியத்துக்கு அல்ல. அறியாமல் என்பதையும் ஏற்க முடியவில்லை. 2016-லேயே மீடியாகார்ப்பின் டாகிள் இணையத்தளத்தில் வந்த சீன நாடகமொன்றில், சீன நடிகர் முகத்தில் கறுப்புப் பூசிச் சுருள்முடி வைத்து வந்தார். கண்டனம் எழுந்து மன்னிப்பும் கேட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே குழுமத்தின் முகமை எதை அறியாமல் இருந்தது?

யூடியூப் கலைஞர் பிரீத்தி நாயரும் அவருடைய அண்ணன், ராப் பாடகர் சுபாஸ் நாயரும் இந்த விளம்பரத்தைக் கண்டித்து ஒரு ராப் காணொளி வெளியிட்டார்கள். அதில் சீனரை நோக்கி வசைச்சொல் இருந்தது. அது தவறுதான். 24 மாதங்களுக்கு மீண்டும் குற்றம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. விளம்பரத்தில் குற்றமேதும் இல்லை என்று காவல்துறை சொல்லிவிட்டது. கோபத்தின் மொழியை விசாரித்த அளவுக்கு, கோபம் வந்த காரணத்தை யாரும் விசாரிக்கவில்லை.

எல்லாரும் மின்வழியில் பணம் செலுத்தலாம் என்று உணர்த்துவதே நோக்கம்.

சீனர் முக்கால் பங்காக வாழும் நாட்டில், தமிழரும் மலாய்க்காரரும் அங்காடிக் கடை நடத்துகிறார்கள், அங்கே சாப்பிடுகிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். அவர்களைச் சென்றடைய விரும்பியவர்கள், படத்தில் நான்கு இடங்கள் இருந்தும் ஒன்றைக்கூட அவர்களுக்குத் தரவில்லை.